கதவு இறுகாத ஊர்

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் விசாரிப்பார் தச்சு மேஸ்திரி. கதவுக்கும் நிலைக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை விட்டு இழுத்துக்கொண்டே வருவார். நகம் நின்ற இடத்தில் முகம் மலரும். "இறுகுது. இன்னும் ரெண்டு மழை தாங்கும். அப்புறம் கூப்பிடுங்க."

என் சைக்கிள் கடைக்கு மேல்தான் குடியிருக்கிறார். எங்கள் ஊரில் கோடையும் மழையும் ஒரே பாயில் படுத்திருக்கும். காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் தேறும். துவைத்த துண்டு மூன்றாம் நாளும் ஈரம், செருப்பில் பூஞ்சை. ஊருக்கு இது தொல்லை. மரம் உப்பிக் கதவு இறுகினால் மேஸ்திரிக்குப் பிழைப்பு. ஆனால் உப்பின கதவில் இழைப்புளி வைக்கமாட்டார். கீலை நகர்த்துவார், மெழுகு தேய்ப்பார், அத்தோடு சரி. "இப்ப இழைச்சா குளிர்ல மரம் காஞ்சு சுருங்கி விரல் நுழையற சந்து விழும். அப்ப என்னைத்தான் திட்டுவீங்க." தன் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்கும் அதே சட்டம். அவர் மனைவி பதினோரு வருஷமாக அதைத் தோளால் இடித்துத்தான் திறக்கிறார்.

இந்தக் கோடையில் மனைவியின் அண்ணன் தன் கடலோர ஊருக்கு வரச்சொன்னார். தன் மரப் பட்டறையில் வேலை, மாடியில் வீடு. கடலோரமானாலும் அங்கே கோடையில் காற்று காய்ந்தே கிடக்கும், சொட்டு மழை கிடையாது, பெய்வதெல்லாம் குளிர்காலத்தில். இருவரும் பத்து நாள் போய் இருந்துவிட்டு வந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அந்த அம்மாவுக்கு இரண்டே நாளில் வேர்க்குரு அடங்கியது. இவருக்குத்தான் வாய் அடங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் என் கடை வாசலில் உட்கார்ந்து அதே பாட்டு.

"தெரு முழுக்கத் தள்ளிப் பாத்தேன்யா. ஒரு கதவு இறுகல. சுண்டுவிரலால தொட்டா சுவத்துல போய் முட்டுது. துண்டு ஒரு மணி நேரத்துல காஞ்சு தகடாட்டம் நிக்குது, முகம் துடைச்சா மூக்கு போயிடும். சரி, மழையாவது வெயில்ல வருதா? குளிர்லயே நனையணுமாம். எந்த மடையன் போட்ட திட்டம் அது?"

"காஞ்ச ஊர்ல நாற்காலிக் கால் ஆடும்யா. அதைச் சரி பண்ணு."

"கதவு பாத்த கை. நாற்காலிக் காலைப் பிடிக்கச் சொல்றியா?"

மாடியில் தடதடவென்று தட்டும் சத்தம். ஓடினோம். மத்தியான மழையில் படுக்கையறைக் கதவு உப்பி, தாழ் போடாமலே இறுகியிருந்தது. அந்த அம்மா உள்ளே. இழுத்ததில் கைப்பிடி கையோடு வந்துவிட்டதாம்.

"எவ்வளவு நேரமா உள்ள இருக்கே?"

"துண்டுல துடைச்சா மூக்கு போயிடும்னீங்களே, அதுக்கு முன்னாடி இருந்தே. ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். நீங்க எங்க அண்ணன் ஊரைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க." பிறகு மெதுவாக, "எனக்குக் கதவு இறுகாத ஊரே போதுங்க."

இரண்டு பேரும் தோள் கொடுத்துத் திறந்தோம். வேர்வையில் தொப்பலாக வெளியே வந்தவர் எங்களைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டார். மேஸ்திரி கதவைக் கழற்றி இரண்டு நாற்காலி மேல் கிடத்தினார். மெழுகை எடுப்பார் என்று நின்றேன். இழைப்புளியை எடுத்தார்.

"யோவ், குளிர்ல சந்து விழுமே?"

"குளிருக்கு இங்க யாரு இருக்கப்போறா?" என்றார் நிமிராமல். சுருள் சுருளாக, ஒரு விரல் அகலத்துக்கு இழைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்.