சுவருக்கு வாங்கிய கருப்பட்டி

1952 மார்ச் 10, திங்கட்கிழமை. வழக்கம்போல் நாலரைக்கு எழுந்தேன். முகம் மழித்து, கடுங்காப்பி குடித்து, ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயர் கூப்பிட்டேன். ஆறு மணிக்கு முள்வேலிக் கேட்டைத் திறந்தார்கள். ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்கள் வரிசையில் நின்று சோதனை கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். தோட்டத்துக் கிராணியான நான் கணக்கெழுத ஆபீசுக்குப் போய்ப் பேனாவில் மை நிரப்பினேன்.

ஏழு மணிக்குள் என் வீட்டு வேலை நின்றுபோயிற்று.

வீடு என்றால் தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் அல்ல. புக்கிட் ரோத்தான் சாலையில், வேலிக்கு அரை மைல் வெளியே, அப்பா கட்டிய கல்வீடு. அதன் கூரை ஒழுகுவதைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் புலம்பியதை நீங்கள் ஏற்கெனவே பொறுத்துக்கொண்டீர்கள். இப்போது சுவர். பழைய சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து பொரிந்து உதிர்கிறது. சிமெண்டை அப்பிப் பார்த்தேன் – ஒரே மழையில் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

பழைய சுவரில் பழைய கலவைதான் ஒட்டும் என்றார் சவரிமுத்து. வேலிக்குள், தொழிலாளர் லயத்தில் இருக்கும் கொத்தனார். சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், அதோடு கருப்பட்டிக் கரைசல். ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் இது எந்த ஊர்? எந்தக் காலம்? காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் கைது. சீனி, கருவாடு, பால் டின்... எல்லாமே குற்றம். மரம் வெட்டுகிறவர்கள் மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு வெட்டுகிறார்கள். சுண்ணாம்புக்கும் மணலுக்கும் முறையாகப் பாஸ் வாங்கியிருந்தேன். கருப்பட்டிக்கு வாங்கவில்லை. சுவருக்குள் போகிற பொருளை உணவு என்று யார் நினைப்பார்கள்?

கேட்டில் நினைத்தார்கள். சனிக்கிழமை அது கரைசலாக வாளியில் போனது, யாரும் கேட்கவில்லை. இன்று சவரிமுத்து கட்டியாகவே சாக்கில் கட்டிக்கொண்டு போனார். பிடித்துக்கொண்டார்கள்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கிருந்த சார்ஜன் நம்மவர்தான்.

“என்னாங்க கிராணி, ஒங்க வூட்டுச் செவரு காலையில காப்பி குடிக்குமா?”

“கருப்பட்டி என்னுது சார்ஜன். நான்தான் வாங்கிக் குடுத்தேன். கலவைக்கு.”

“யாருதுன்னு யாரு கேட்டா? யாரு தூக்கிட்டுப் போனான், அதான் கேள்வி.”

“சனிக்கிழம பூசுன செவரு அங்க நிக்குது. வந்து பாருங்க.”

வந்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஈரம் காயாத பூச்சில் விரலை அழுத்தி நாக்கில் வைத்தார். முகம் கோணிற்று. துப்பினார். மறுபடியும் துப்பினார்.

“நாக்கு வெந்துபோச்சுய்யா... எங்க இருக்கு இனிப்பு?”

சுண்ணாம்போடு சேர்ந்த கருப்பட்டி அதன் பிறகு கருப்பட்டியாக இருப்பதில்லை. சுவராகிவிடுகிறது. அதற்காகத்தானே போடுகிறோம்? இந்தக் காலத்தில் குற்றத்துக்குச் சாட்சி தேவையில்லை. குற்றமில்லை என்பதற்குத்தான் சாட்சி வேண்டும் – அதுவும் இனிக்கிற சாட்சி!

லாக்கப் கம்பிக்குப் பின்னால் சவரிமுத்து நின்றார்.

“இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்களாய்யா? எனக்கு ஊர்ல யாருமே இல்லீங்க...”

“பயப்படாத லா,” என்றார் சார்ஜன். “டிக்கெட்டு ப்ரீ.”

அவர் மட்டும்தான் சிரித்தார்.

மாலையில் முடிவு வந்தது. மறுநாள் காலை எட்டு மணி லோரியில் சவரிமுத்துவைக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்கள். அங்கே விசாரணை, அதன் பிறகு... எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. லயத்துக்குப் போய் அவர் மனைவி தெரேசாவிடம் சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒங்க செவரு ஒட்டிச்சாங்கய்யா?”

அவ்வளவுதான் கேட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவளோடு கேட்டுக்குப் போனேன். அவள் கையில் தூக்குச் சட்டி. காவலர் மூடியைத் திறந்து பார்த்தார். சோறு, மேலே கொஞ்சம் கீரை.

“இத வெளிய கொண்டுபோவக் கூடாதும்மா. தெரியாதா?”

“ஸ்டேஷனுக்குத்தாங்க. எம் புருஷனுக்கு. ஒரு வாய் குடுத்துட்டு வந்துர்றேன்.”

“யாருக்கா இருந்தாலும் கூடாது. கொட்டிட்டுப் போ. இல்ல, இங்கயே தின்னுட்டுப் போ.”

சோற்றைச் சட்டியில் கொண்டுபோகக் கூடாது, வயிற்றில் கொண்டுபோகலாம். ரேஷன் அரிசியைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? லோரி கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது; லயத்துக்குத் திரும்பி அதை வைத்துவிட்டு வர முடியாது.

நான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன். கணவனுக்கு ஆக்கிய சோற்றைத் தெரேசா கேட்டடியில் நின்றபடியே, அவசர அவசரமாக, கடைசிப் பருக்கை வரை தின்று முடித்தாள்.