மஞ்சளுக்கு நீல வெளிச்சம்

ஆரணி லேபில் அந்த டெக்னீஷியன் அம்மாவை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, குழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு குழியில், காய்ச்சலில் கிடந்த என் மகளின் ரத்த மாதிரிக்குச் சோதனை மருந்து விட்டிருந்தார். மஞ்சள் நன்றாக ஏறினால் டெங்கு என்றார்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். "லேசா மஞ்சள் கீதேம்மா!" என்று பதறினேன்.

"எவ்ளோ மஞ்சள்னு கண்ணு சொல்லாதுண்ணா. மிஷினு மேலேர்ந்து நீல வெளிச்சம் விடும். மஞ்சள் குடிச்சது போக மிச்சத்தை அடியில அளக்கும்."

"அதுக்கு ஏன் துடைச்சிகினே கீறீங்க?"

"என் விரல் அழுக்கும் வெளிச்சத்தைக் குடிக்குமே. மிஷினு அதையும் டெங்குல சேத்துடும்."

மகளுக்கு டெங்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் மூக்குக்கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, கொடியில் காய்ந்த நூலைப் பார்த்தேன். நான் போட்டதாக நினைத்திருந்த அரக்குச் சிவப்பே இல்லை அது.