நிலைக்காலில் வளரும் பெண்

"எக்காத. குதிகால் தரையில படணும். முதுக ஒட்டி நில்லு."

மாதத்தின் முதல் ஞாயிறு, காலைக் காப்பி ஆறுவதற்குள், ராய்ஸ் டேக்கெட் தன் டிரெய்லர் வீட்டின் சமையலறை நிலைக்காலைப் பார்த்து இப்படித்தான் அதட்டுவான். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். எக்கிய கால் இறங்கட்டும் என்பதுபோலக் கொஞ்சம் பொறுப்பான். பிறகு உள்ளங்கையைக் காற்றில் தட்டையாக வைத்து, காதிடுக்கிலிருந்து தச்சுப் பென்சிலை எடுத்து, கைக்கு நேராக ஒரு கோடு இழுத்துத் தேதி போடுவான். கீழேயுள்ள கோடுகள் மகள் டெலேனி அங்கே நின்றபோது போட்டவை. ஐந்து வயதுக்கு மேலே உள்ளவையெல்லாம் வெறுங்காற்றை அளந்தவை. இப்போது அவளுக்கு ஒன்பது.

கென்டக்கி மலைப்பக்கத்து மர ஆலையில் ரம்பத் தகடுகளுக்குச் சாணை பிடிப்பவன் ராய்ஸ். தகட்டை நகத்தால் சுண்டிக் காதருகே வைப்பான். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அவன் காதுக்குத் தப்பாது. மதியம் சோளரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டு, நின்றபடியே தின்பான்.

"என்னடா, உன் பேய்ப்பிள்ள இந்த மாசம் வளந்திருக்கா?" என்று கிண்டுவான் கூட வேலை செய்யும் ஹோபர்ட்.

"கால் இஞ்சு" என்பான் ராய்ஸ், சிரிக்காமல்.

மனைவி மகளோடு பிரிந்துபோன பின், சனிக்கிழமைகளில் மகளைப் பார்க்கும் உரிமை அவனுக்கு இருந்தது. ஆலை மூடிக்கிடந்த ஒரு குளிர்காலத்தில் அவளுக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை நின்றுபோனது. கட்டாதவன் பார்க்கவும் கூடாது என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆலையில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை போகவில்லை. அப்படியே நான்கு வருடம் போகவில்லை.

போன வருடம் நூலகத்தில் ஒரு படிவத்தை அச்செடுத்து, நோட்டரி முத்திரை குத்தி, கோர்ட்டில் கொண்டுபோய் நீட்டினான். மகள் மீதான உரிமையை விட்டுவிடுகிறேன், ஆலை திறந்ததிலிருந்து பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தது. நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பா வேண்டாம்னு சொல்லிட்டா பிள்ளைக்குப் பசிக்காதா, மிஸ்டர் டேக்கெட்? நீங்க நிக்கிற இடத்துல இன்னொருத்தர் வந்து நிக்கணும். அதுவரைக்கும் நீங்கதான்."

அடுத்த முதல் ஞாயிறன்றும் நிலைக்காலில் புதுக் கோடு போட்டான் ராய்ஸ்.

இந்த வசந்தத்தில் இன்னொருவன் வந்து நின்றான். டெலேனியின் அம்மாவை மணந்த கர்ட்டிஸ், வீடு வீடாக எரிவாயு நிரப்பும் வண்டி ஓட்டுபவன், அவளைத் தத்தெடுக்க மனுப் போட்டான். ராய்ஸ் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. தானே அச்செடுத்து அலைந்த காகிதம், இப்போது வழி கேட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் எழுத்தர் இமோஜின் அம்மா மெல்லச் சொன்னார். "இன்னையோட மாசாமாசம் பிடிக்கிறது நின்னுடும், கண்ணு. பழைய பாக்கி மட்டும் உன் பேர்லயே இருக்கும், கட்டி முடிக்கணும். பிறப்புச் சான்றிதழ் புதுசா வரும். அப்பா பேர் கர்ட்டிஸ்னு இருக்கும். பழையத முத்திரை வச்சுப் பூட்டிடுவாங்க."

"அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரில நான்தானேம்மா இருந்தேன்?"

"இருந்த. காகிதத்துல இருக்கமாட்ட."

"அப்ப நான் யார் பிள்ளைக்குப் பாக்கி கட்டுறது?"

இமோஜின் பேனாவை அவன் பக்கம் உருட்டிவிட்டார்.

ராய்ஸ் அந்தப் பேனாவை நகத்தால் சுண்டிப் பார்த்தான். "அவ அவன அப்பான்னு கூப்பிடுறாளா?" என்றான்.

"ரெண்டு வருஷமா."

கையெழுத்துப் போட்டான்.

வெளியே நீண்ட நடைகூடம். நீதிபதியோடு படம் எடுத்துக்கொள்ள, மஞ்சள் கவுனில் ஒரு சிறுமி கர்ட்டிஸுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு வந்தாள். ராய்ஸ் நீதிபதி அறைக் கதவோரம் ஒதுங்கினான். அவனை அறியாமலே வலது கை எழுந்து, நிலைக்காலின் கடைசிக் கோடு இருக்கும் உயரத்தில் தட்டையாக நின்றது.

அவள் அதன் கீழே வந்தாள். உச்சிமுடி உள்ளங்கையில் உரசியது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சிறுமி சட்டென்று நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை. முதுகை நிமிர்த்தினாள். யாரோ அதட்டியதுபோல, எக்கியிருந்த குதிகால்கள் இரண்டும் மெல்லத் தரைக்கு இறங்கின.

பிறகு அண்ணாந்து, தாடியோடு நின்ற அவனைப் பார்த்து, "சாரி, சார். வழிய மறைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

கதவு மூடியது. ராய்ஸின் வலது கை இறங்கவில்லை. இடது கை காதோரம் போய்ப் பென்சிலைத் தேடியது.