சாங்வி மொட்டை மாடியில் ஆறு எண்கள்

மும்பையில் விமானம் இறங்கியபோது பிற்பகல். அங்கிருந்து புனேக்குப் பேருந்தில் நூற்றைம்பது கிலோமீட்டர். கட்டணம் ஐந்நூறு ரூபாய். மலை ஏறும்போது வெயில் மங்கியது. சுரங்கப்பாதைகளில் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வந்தன. நான் இன்னும் மலேசியாவில், ஈப்போவில்தான் இருக்கிறேனோ என்று தோன்றும்படி ஓர் அரைத் தூக்கம். புனேயின் ஔந்துப் பகுதியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் இந்தியில் ஏதோ கேட்டார். நான் சிரித்து வைத்தேன். அவரும் சிரித்துவிட்டு, பேசாமல் சாங்வியில் கொண்டுபோய் விட்டார். எண்பது ரூபாய்.

சாங்வியில் என் சித்தி மகள் மாலதி இருக்கிறாள். கோயம்புத்தூரில் பிறந்தவள், கல்யாணமாகிப் புனேக்கு வந்து இருபது வருடம்.

மறுநாள் காலை ஒன்பது மணி. ஈப்போவில் அப்போது பதினொன்றரை. என் மகன் கவின் மாலதியின் கைப்பேசியில் அழைத்தான். தொழிற்கல்லூரியில் கிடைத்த இடத்தை அன்று மலேசிய நேரம் பன்னிரண்டு மணிக்குள் அவன் ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்கான ரகசிய எண் என் கைப்பேசிக்குத்தான் வரும். பிள்ளைகள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் என் எண்ணைத்தான் கொடுப்போம்.

வீட்டுக்குள் என் கைப்பேசியில் லைன் இல்லை.

"கச்சிக்குப் போயிரலாங்க்கா. அங்க எல்லா லைனும் கெடைக்கும்" என்றாள் மாலதி. மொட்டை மாடியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேலே வேறோர் உலகம். பழைய வேட்டிகளை விரித்து, ஐந்தாறு மராத்திப் பெண்கள் கோதுமைக் கூழை அச்சில் பிழிந்துகொண்டிருந்தார்கள். வருடத்துக்கு வேண்டிய குர்டயி வற்றலைக் கோடையில் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து பிழிவார்களாம். தரையெங்கும் ஈர வெள்ளைச் சுருள்கள். பானையிலிருந்து எழுந்த ஆவியில் தூரத்துக் கட்டடங்கள் மெல்ல ஆடின. சுருள்களை மிதிக்காமல் நடந்து, தண்ணீர்த் தொட்டி அருகே போய் நின்றேன். என் கைப்பேசி அதிர்ந்தது. எண் வந்துவிட்டது.

மாலதியின் கைப்பேசியில் கவினுக்கு மெதுவாகச் சொன்னேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்கம்மா. அந்த நம்பர் மூணு நிமிசத்துல செத்துரும்."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே போட்டிருந்தது. அதுவும் இத்தனை பேர் முன்னால் எப்படி?

மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தமிழ்ல கத்துங்கக்கா. நம்ம ரெண்டு பேர விட்டா இங்க யாருக்குப் புரியப் போகுது?"

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "ஏழு, சுழியம், மூணு, மூணு, ஒம்பது, ஒண்ணு."

அச்சுகள் நின்றன. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் கவின் எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினான். பிறகு, "ஏத்துக்கிச்சும்மா" என்றான்.

மாலதி மராத்தியில் விஷயத்தைச் சொன்னாள். ஒரு பெண் எழுந்து, சூடான கூழில் சர்க்கரை தூவி ஒரு கிண்ணத்தில் கொடுத்தார். நின்றபடியே சாப்பிட்டேன். வெயிலும் இனிப்பும் ஒன்றாக உள்ளே இறங்கின.

ஐந்து நாள் கழித்துக் கோலாலம்பூரில் இறங்கினேன். கவின் வந்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "அன்னிக்குக் கத்துனது வேற யாரோன்னு நெனச்சேம்மா" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.