நான் துடைத்த கண்ணாடி

உப்பளத்தில் எதை வைத்தாலும் இரண்டு நாளில் வெள்ளை பூத்துவிடும். மண்வெட்டி, மோட்டார் மூடி, என் கால் எல்லாம் அப்படித்தான். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கிளம்புவேன். அந்தத் தண்ணீரை வீட்டிலிருந்து கேனில் கொண்டுபோவேன்.

போன பங்குனியில் யுனிவர்சிட்டியில் படிக்கிற பெண் ஒருத்தி வந்து, என் வரப்பில் ஒரு கம்பு நட்டாள். அதில் உள்ளங்கை அளவு இரண்டு கண்ணாடி. ஒன்று கடைக் கண்ணாடி. இன்னொன்றின் மேல் அவளே செய்த பூச்சு. கடலோரக் கேமராக்களில் உப்பு படிந்து படம் மங்கிவிடுகிறதாம். பூச்சு இருந்தால் ஒட்டாதாம். எதிரே பெட்டிக்குள் ஒரு கேமரா. தினமும் உச்சி வேளையில் தானாகப் படம் எடுக்கும். அதற்குள் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"ஐயா, கொஞ்சம் பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன்மா."

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள். பிளாஸ்கில் டீ கொண்டுவருவாள். "இன்னிக்கு என்ன குழம்புங்க ஐயா?" என்பாள். மனைவி போன பிறகு அதைக் கேட்க ஆள் இல்லை. மகன் ஓசூரில். பொங்கலுக்கு வருவான்.

நான் பார்த்துக்கொண்டேன். தினமும் கால் கழுவியதும், அவள் கண்ணாடியில் நல்ல தண்ணீர் விட்டுத் துண்டால் துடைத்தேன். கடைக் கண்ணாடியைத் தொடவில்லை. அது அவள் செய்தது இல்லையே.

பக்கத்துப் பாத்திக்காரன் சிரித்தான். "இன்னாப்பா, பொண்ணு பாக்க வர்றாங்களா? இந்தத் தேய் தேய்க்கிற!"

அவள் மூன்றாம் முறை வந்தபோது கடைக் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அவளுடையதில் வானம் தெரிந்தது. அவள் குதித்தாள். போனில் அவள் வாத்தியாரிடம் கத்தினாள். "சார், ஒரு பொட்டு கூட ஒட்டல சார்!" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது நின்னுச்சுன்னா என் படிப்பு முடிஞ்சுதுங்க ஐயா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"நான்தான்மா தினம் தொடச்சேன்."

"எதை?"

"உன்னோடத மட்டும்."

அவள் என் கேனை எடுத்தாள். பிறகு இரண்டு கண்ணாடியையும் அவளே கழுவினாள். "முதல்லேர்ந்து பாக்கலாம். இனிமே தொடாதீங்க ஐயா" என்றாள்.

தொடவில்லை. துண்டு தோளில்தான் இருந்தது. கை போய்விடும் என்று அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே கால் கழுவினேன். நாலாம் நாள் அவள் கண்ணாடியின் ஓரத்திலும் வெள்ளை ஏறியது. ஒட்டக்கூடாது என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் எது கடைக் கண்ணாடி, எது அவளுடையது என்று எனக்கே தெரியவில்லை.

வந்தாள். பார்த்தாள். கேமராவையும் கண்ணாடியையும் கழற்றிப் பையில் வைத்தாள். பிளாஸ்க் கொண்டுவரவில்லை.

"உங்க மேல கோவம் இல்லீங்க ஐயா. நீங்க சொல்லலன்னா தப்பா எழுதியிருப்பேன்."

"வேற பூச்சு செஞ்சா இங்கியே கொண்டாம்மா."

"பாக்கலாம்ங்க."

ஸ்கூட்டி ரோட்டில் ஏறும் வரை நின்றேன். அவள் கடைசியாக வந்துபோய் நாலு மாதம் ஆகிறது.

கம்பை அவள் பிடுங்கவில்லை. நானும் பிடுங்கவில்லை. கால் கழுவி மிஞ்சும் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டுக் கிளம்புகிறேன்.