ரஞ்சிதம் அக்கா திரும்பக் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ரஞ்சிதம் அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க மிஸ். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, தண்ணி கேட்டாங்க, அவ்வளவுதான். நாளைக்கு எடுக்கிறோம்." எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன். வந்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்க்கவேண்டிய எல்லாரையும் பார்த்து முடித்தேன். அக்காவும் அப்படித்தான் செய்திருப்பார்.

அவரை அறிந்த நீங்கள் நரம்புப் பரிசோதனை இயந்திரத்தோடு சேர்த்தே அவரை நினைப்பீர்கள். அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவில் பல வருடம் வேலை செய்த பிறகு எங்கள் ஆய்வுக்கு வந்தவர். அந்த இயந்திரத்தால் காலில் மின்சாரம் வைப்பதற்கு முன் பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம், "கத்தணும்னா கத்துங்க. கத்துறவங்களுக்கு நரம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பார். ஒருமுறை, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் ஒரு கண்டாக்கு ஐயா கௌரவத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, மார்க் குறையுது" என்றார் அக்கா. வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் அவரும் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஆய்வு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் கால் மரத்துப்போவதைப் பற்றியது. சீனி வியாதி உள்ளவர்களுக்கு முதலில் பாதத்தில் உணர்வு குறையும். அதை நேரத்தோடு கண்டுபிடித்தால் புண் வருமுன் காலைக் காப்பாற்றலாம். இயந்திரத்தை எல்லாத் தோட்டத்துக்கும் தூக்கிப்போக முடியாது. அதனால் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவோம். கண்ணை மூடியிருப்பவர் பட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையது. இரண்டு மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் "இயல்பு" என்று எழுதியிருந்தேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

பாக்கியத்துக்கும் அப்படித்தான் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, கண் பரிசோதனைக்காக அவள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தாள். சிமெந்துத் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் இரத்தத் தடம். அக்காதான் முதலில் பார்த்தார்.

"பாக்கியம், கவ்வாத்துக் குச்சி கால்ல ஏறி நிக்குதே, தெரியலியா?"

"எந்தக் காலுங்க?" என்றாள் பாக்கியம்.

தேயிலைச் செடி வெட்டியதில் கிடந்த அந்தக் கூரான குச்சியை எடுத்து, கட்டுப் போட்டு, அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் அக்கா. அடுத்து வந்த பெண்ணை நான் பரிசோதிக்கும்போது சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல ஒவ்வொரு தடவையும் "இப்ப?" என்றேன். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் "தெரியுதுங்க" என்றாள். அவள் போனதும் அக்கா சொன்னார்: "வாசுகி, நீங்க பெரட்டுல பேர் கூப்பிடுறீங்க. அவங்க பேர் குடுக்குறாங்க."

விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே கூப்பிட்டால் உடனே பதில் வர வேண்டும். தயங்கினால் அன்றைக்கு வேலை இல்லை. கால் சரியில்லை என்று சொன்னால் மலையில் கொழுந்து வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். நான் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்து, சீரான இடைவெளியில் "இப்ப?" என்று கேட்டிருக்கிறேன்.

அடுத்த பெண்ணை அக்கா தானே பரிசோதித்தார். முதலில், "இந்தத் தாளு தொரைகிட்டப் போகாது. மரத்திருந்தாலும் கொழுந்துக்குப் போகலாம், சப்பாத்து மட்டும் போடணும்" என்றார். பிறகு எதுவும் கேட்காமல், ஒழுங்கில்லாமல் நேரம் விட்டு விட்டு இழையை வைத்தார். சில தடவை வைக்கவே இல்லை. வெகுநேரம் அந்தப் பெண் பேசாமல் இருந்தாள். கடைசியில், "பெரிய விரல்ல ஒண்ணுமே இல்லீங்க" என்றாள்.

இரண்டு மாத வேலையையும் தள்ளிவிட்டு எல்லாரையும் திரும்பப் பார்த்தோம். பலருடைய முடிவு மாறியது. பாக்கியத்துக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அறிக்கையில் அக்கா எழுதிய வரி இது: "கேட்ட முறையில் நாங்கள் தவறிவிட்டோம்." தவறிய அந்த இரண்டு மாதத்தில் அவர் ஒரு பாதத்திலும் இழை வைத்ததில்லை. 'நாங்கள்' என்பதைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அந்தச் சொல்லுக்குள் பல வருடம் சௌகரியமாக இருந்துவிட்டேன்.

புதன்கிழமை லிந்துலையில் அடக்கத்துக்குப் பாக்கியம் வந்திருந்தாள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு, சற்றுச் சாய்ந்து நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"என் காலக் காப்பாத்துனதே இந்த அம்மாதான் மிஸ். நீங்க மொதல்ல பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் பாழாப் போச்சு, இல்லீங்களா?"

'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல பாக்கியம். அப்பவே மரத்துத்தான் இருந்திருக்கு. நான் கேட்ட விதம் தப்பு. அந்த அம்மாவுக்கு அதுல பங்கு இல்ல."

குழியில் மண் விழ ஆரம்பித்திருந்தது. "நானுந்தான் தெரியுதுன்னு சொன்னேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஆனா நீங்க படிச்சவங்கல்ல" என்றாள். மண் போடுவதற்காக முன்னால் நடந்தாள்.

அக்காவின் இயந்திரம் ஆய்வு அறையில் இருக்கிறது. அதை யாராவது பழகிக்கொள்வார்கள். எனக்கென்று அவரிடமிருந்து வந்தது வேறு. அந்தத் தவறில், 'நாங்கள்' என்று எழுதி, நான் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்ட பாதி இனி என்னுடையது.