கிண்ணம் நெருங்கியபோது

பட்டாபிராமில் எங்கள் ஆலயத்தில், திருவிருந்து ஞாயிறுகளில் ஒருவர் எப்போதும் என் பக்கத்தில்தான் முழங்காலிடுவார். ஒடிசலான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. அப்பத்தை வாங்கி விழுங்கியதும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

அன்று வந்திருந்தவர் புதுப் போதகர். திராட்சரசக் கிண்ணத்தை நீட்டினார். இவர் வேண்டாமென்று தலையசைத்தார். போதகர் நகரவில்லை. "தயங்காதீங்க, வாங்கிக்கங்க" என்று இன்னும் நெருக்கிப் பிடித்தார். அந்த ஒயின் வாடை எனக்கே அடித்தது.

"குடிய நிறுத்த மாத்திரை சாப்ட்டுகினு கீறேன், பாஸ்டர். ஒரு சொட்டுகூட ஆவாது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

போதகர் கிண்ணத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

வெளியே செருப்பு மாட்டும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "அது ஆண்டவருடைய ரத்தமாச்சே, அதுகூடவா ஆகாது?" என்று கேட்டுவிட்டேன்.

"அது எனுக்குத் தெரியும் சார். என் நாக்குக்குத் தெரியாதே."

அடுத்த மாதமும் பக்கத்தில் வந்து முழங்காலிட்டார். கிண்ணம் முதலில் எனக்கு வந்தது. ஒரு வாய் பருகினேன். அவர் எழுந்து போகும்வரை அவர் பக்கமாக நான் மூச்சு விடவில்லை.